ஒரே மலை, மூன்று சட்டம்: அமெரிக்கச் சிற்றூரில் கைத்துப்பாக்கி உரிமம் யார் கையில்?

நியூயார்க் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது ரென்சலியர் கவுன்டி. கவுன்டி என்பதை நம்மூர் மாவட்டம் போல வைத்துக்கொள்ளலாம். அதன் ஒரு மூலையில் பீட்டர்ஸ்பர்க் என்ற சிற்றூர். மக்கள்தொகை இரண்டாயிரம்கூடக் கிடையாது. ஊருக்குக் கிழக்கே உள்ள மலையில் நியூயார்க், வெர்மான்ட், மாசசூசெட்ஸ் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன.

அந்த மலையைச் சுற்றி வாழும் மூன்று பேர், சட்டைக்குள் கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக நினைக்கிறார்கள் என்று வையுங்கள். வெர்மான்ட் பக்கம் இருப்பவருக்கு எந்தக் காகிதமும் வேண்டாம். மாசசூசெட்ஸ் பக்கம் இருப்பவர் ஊர் போலீஸ் தலைவரிடம் விண்ணப்பிக்க வேண்டும். நியூயார்க் பக்கம் இருப்பவர் 18 மணி நேரப் பயிற்சி முடித்து, நான்கு பேரின் நற்சான்றுடன் நீதிபதியின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

இந்த வேறுபாடு இப்படியே நீடிக்குமா என்பது அமெரிக்காவில் மீண்டும் விவாதமாகியிருக்கிறது. துப்பாக்கியோடு அடுத்தவர் கடைக்குள் நுழைவது பற்றிய ஹவாய் வழக்கை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஒரு மாநிலத்தின் உரிமம் எல்லா மாநிலத்திலும் செல்ல வேண்டும் என்ற மசோதாவும் 2025இல் மறுபடி காங்கிரஸுக்கு வந்தது. இவற்றைப் புரிந்துகொள்ள, ஒரு சிற்றூர்க்காரரின் விண்ணப்பம் எந்தெந்த மேசைகளைத் தாண்டுகிறது என்று பார்த்தாலே போதும்.

வைத்திருப்பது வேறு, எடுத்துச் செல்வது வேறா?

ஆமாம். அமெரிக்க அரசமைப்பின் இரண்டாவது திருத்தம் 1791இல் நடைமுறைக்கு வந்தது. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையை அது பேசுகிறது. ஆனால், அது தனிமனிதரின் தற்காப்பு உரிமை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008இல்தான். அந்தத் தீர்ப்பும் வீட்டுக்குள் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைப் பற்றியது. வாசலைத் தாண்டிய பிறகு என்ன என்பது அப்போது முடிவாகவில்லை.

பிறர் கண்ணில் படாதபடி உடையிலோ பையிலோ வைத்துக்கொண்டு போவதற்கான அனுமதியைத்தான் ‘மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம்’ என்கிறார்கள். நியூயார்க்கில் கைத்துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கவே உரிமம் வேண்டும். வெளியே கொண்டுபோக அதைவிட மேலான உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியோடு வெளியே பிடிபட்டால் 15 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

‘உனக்கு எதுக்கு?’ என்ற பழைய கேள்வி

நியூயார்க்கின் உரிம முறை 1911ஆம் ஆண்டின் சல்லிவன் சட்டத்திலிருந்து வருகிறது. மறைத்து எடுத்துச் செல்ல ‘தகுந்த காரணம்’ காட்ட வேண்டும் என்ற விதி 1913இல் சேர்ந்தது. கேட்பதற்கு எளிய விதிதான். ஆனால், எது தகுந்த காரணம் என்பதற்கு நீதிமன்றங்கள் சொன்ன விளக்கம் கடுமையானது. ‘ஊரில் திருட்டு பயம் இருக்கிறது’ என்றால் போதாது. மற்றவர்களுக்கு இல்லாத தனிப்பட்ட ஆபத்து தனக்கு இருப்பதாக விண்ணப்பதாரர் நிரூபிக்க வேண்டும்.

நியூயார்க் மாநகரில் இதை முடிவு செய்வது போலீஸ் ஆணையர். ஆனால், மாநிலத்தின் பெரும்பாலான கவுன்டிகளில் அந்த அதிகாரம் உள்ளூர் நீதிபதியிடம் இருக்கிறது. வழக்குகளை விசாரிக்கும் அதே நீதிபதிதான் துப்பாக்கி விண்ணப்பத்தையும் பார்ப்பார்.

ரென்சலியர் கவுன்டியைச் சேர்ந்த இருவர் இந்த விதியில்தான் முட்டி நின்றார்கள். ஒருவர் ஆவெரில் பார்க் என்ற சிற்றூர்க்காரர். வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கும் மட்டும் அவரிடம் உரிமம் இருந்தது. தன் பகுதியில் அடுத்தடுத்துக் கொள்ளைகள் நடப்பதாகவும், துப்பாக்கிப் பாதுகாப்பில் மேல்நிலைப் பயிற்சி முடித்திருப்பதாகவும் சொல்லி, கட்டுப்பாட்டை நீக்கும்படி 2016இன் கடைசியில் கேட்டார். கிடைக்கவில்லை. இன்னொருவர் டிராய் நகரவாசி. 2008 முதல் உரிமம் வைத்திருந்தவர். 2017இல் இதே கோரிக்கையோடு போனபோது, வேலைக்குப் போகவரும் வழியில் மட்டும் எடுத்துச் செல்லலாம் என்றார்கள்.

இருவர் மீதும் குற்றப் பின்னணி எதுவும் சொல்லப்படவில்லை. மறுப்புக்குக் காரணம் அவர்களின் நடத்தை அல்ல; அவர்கள் சொன்ன காரணம் போதவில்லை என்பதுதான்.

2022 தீர்ப்பு என்ன மாற்றியது?

அந்த இருவரும், மாநிலத் துப்பாக்கி உரிமையாளர் சங்கமும் சேர்ந்து தொடுத்த வழக்குதான் ‘புரூயென்’ வழக்கு என்று பெயர் பெற்றது. 2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: வேறு எந்த அரசமைப்பு உரிமையைப் பயன்படுத்தவும் ‘எனக்குத் தனித்தேவை இருக்கிறது’ என்று அதிகாரியிடம் போய் நிரூபிக்க வேண்டியதில்லை, துப்பாக்கிக்கு மட்டும் ஏன்?

அப்போது 43 மாநிலங்களில், தகுதி இருந்தால் உரிமம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தது. நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், மேரிலாண்ட், கலிபோர்னியா, ஹவாய் ஆகியவற்றோடு தலைநகர் வாஷிங்டனிலும்தான் அதிகாரி பார்த்துக் கொடுக்கும் முறை மிச்சமிருந்தது. அந்த முறையின் அடித்தளம் இந்தத் தீர்ப்போடு சரிந்தது.

மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீபன் பிரையர், 2020இல் துப்பாக்கியால் 45,222 அமெரிக்கர்கள் இறந்ததைச் சொல்லித் தொடங்கினார். ஊருக்கு ஊர் நிலைமை மாறும்போது, முடிவை அங்குள்ள மக்கள் பிரதிநிதிகளிடம் விடுவதே சரி என்பது அவர் தரப்பு.

உரிமமே கூடாது என்று தீர்ப்பு சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கைரேகை, பின்னணி விசாரணை, மனநலப் பதிவு சரிபார்ப்பு, பயிற்சி ஆகியவற்றைக் கேட்கலாம் என்று நீதிபதி கேவனா தனிக் கருத்தில் எழுதினார். தடுக்கப்பட்டது ‘எதுக்கு வேணும்?’ என்ற கேள்வி. ‘நீ எப்படிப்பட்ட ஆள்?’ என்ற கேள்வி மிஞ்சியது.

இப்போது விண்ணப்பிப்பது எப்படி?

நியூயார்க் அந்த இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டது. தீர்ப்பு வந்த எட்டாம் நாளே, 2022 ஜூலை 1 அன்று, புதிய சட்டம் கையெழுத்தானது. செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பீட்டர்ஸ்பர்க் போன்ற ஊரில் இருப்பவர் செய்ய வேண்டியவை:

- வயது பொதுவாக 21 நிரம்பியிருக்க வேண்டும்.
- வகுப்பறையில் 16 மணி நேரம், சுடும் களத்தில் 2 மணி நேரம் என மொத்தம் 18 மணி நேரப் பயிற்சி. எழுத்துத் தேர்வில் 80 சதவீதம் சரியாக எழுத வேண்டும்.
- நன்னடத்தைக்குச் சாட்சி சொல்ல நான்கு பேரின் பெயரும் தொடர்பு விவரமும்.
- கணவன் அல்லது மனைவி, வீட்டில் வசிக்கும் மற்ற பெரியவர்கள் ஆகியோரின் விவரம். வீட்டில் சிறுவர்கள் இருக்கிறார்களா என்பதும் சொல்ல வேண்டும்.
- கைரேகை, புகைப்படம், குற்ற மற்றும் மனநலப் பதிவுகளின் சரிபார்ப்பு.
- உரிமம் வழங்கும் அதிகாரியுடன் நேர்முகச் சந்திப்பு.

ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், மேல்முறையீடும் செய்யலாம். கிடைத்த உரிமத்தை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுசான்று செய்ய வேண்டும்.

மூன்று ஆண்டுக் காலத்தில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பட்டியலையும் இந்தச் சட்டம் கேட்டது. அதை மட்டும் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பெயரை மறைத்துப் பேசும் உரிமையும் மக்களுக்கு உண்டு என்பது அதற்கான வாதம். நன்னடத்தை விதி, நற்சான்று, பயிற்சி போன்ற மற்றவை தப்பின. 2024 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை மீண்டும் ஏற்றது. அதில் தலையிட உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மறுத்துவிட்டது.

எல்லையைத் தாண்டினால் என்ன?

வெர்மான்டில் இப்படி ஒரு உரிமமே கிடையாது. கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். ரட்லண்ட் நகரம் அனுமதி வாங்கச் சொல்லி விதி போட்டபோது, 1903இலேயே மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. மாசசூசெட்ஸில் நிலைமை நேர் எதிர். அங்கே ஊர் போலீஸ் தலைவர், விண்ணப்பித்தவர் ‘பொருத்தமான நபர்’தானா என்று பார்க்கிறார்.

நியூயார்க்கின் தெற்கு எல்லைக்கு அப்பால் பென்சில்வேனியா. அங்கே கவுன்டி ஷெரீஃப் அலுவலகத்தில் 20 டாலர் கட்டி விண்ணப்பித்தால் 45 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். பயிற்சி கட்டாயமில்லை. உரிமம் ஐந்து ஆண்டு செல்லும்.

மொத்தத்தில், மறைத்து எடுத்துச் செல்ல உரிமமே தேவையில்லை என்று சொல்லும் மாநிலங்கள் 2024இல் 29 ஆகிவிட்டன. டெக்சாஸ் 2021இலும், புளோரிடா 2023இலும், லூசியானாவும் தெற்கு கரோலினாவும் 2024இலும் இந்த வரிசையில் சேர்ந்தன. அங்கெல்லாம் உரிமம் விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளும் சமாச்சாரம். வெளி மாநிலம் போகும்போது பயன்படும் என்பதற்காகவே பலர் வாங்குகிறார்கள்.

ஆனால், நியூயார்க் எந்த வெளி மாநில உரிமத்தையும் ஏற்பதில்லை. வெர்மான்டின் பவுனலில் சட்டப்படி துப்பாக்கியை இடுப்பில் வைத்திருப்பவர், சில மைல் மேற்கே பீட்டர்ஸ்பர்க்குக்குள் அப்படியே வந்துவிட்டால் குற்றவாளி. ஒரே சந்தைக்கும் ஒரே மருத்துவமனைக்கும் போய்வரும் எல்லை ஊர்க்காரர்களுக்கு இது அன்றாடச் சிக்கல்.

எல்லோரையும் தெரிந்த ஊர்: வரமா, ஆபத்தா?

பெருநகரில் விண்ணப்பம் ஒரு கோப்பு. சிற்றூரில் அது ஒரு முகம். நீதிபதிக்கோ போலீஸ் தலைவருக்கோ விண்ணப்பதாரரின் அப்பாவைத் தெரிந்திருக்கும். குடித்துவிட்டுச் சண்டை போட்டதும் தெரிந்திருக்கும். நான்கு நற்சான்றுக்காரர்களும் ஊரில் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள்.

இதில் ஒரு நன்மை உண்டு. குற்றப் பதிவேட்டில் ஏறாத விஷயங்கள் ஊருக்குத் தெரியும். வீட்டில் அடிதடி, அண்மையில் ஏற்பட்ட மன உடைவு, பக்கத்து வீட்டுக்காரரோடு தீராத பகை ஆகியவற்றைக் கணினி காட்டாது. ஒரு நேர்முகச் சந்திப்பு காட்டலாம். அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கும் மேல் தற்கொலை செய்துகொண்டவர்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்தால், துப்பாக்கி கைக்குப் போகும் முன் யாராவது ஒருவர் உட்கார வைத்துப் பேசுவது வெறும் சம்பிரதாயம் இல்லை.

ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. 1956இல் அலபாமாவின் மாண்ட்கோமரியில் ஒரு பாதிரியாரின் வீட்டில் குண்டு வெடித்தது. அதன் பிறகு அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கேட்டார். உள்ளூர் அதிகாரிகள் மறுத்தார்கள். அந்தப் பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங். அவரைவிடத் ‘தகுந்த காரணம்’ யாரிடம் இருந்திருக்க முடியும்? காரணத்தை எடைபோடும் கை யாருடையது என்பதே அங்கே முடிவைத் தீர்மானித்தது.

வேண்டியவருக்கு வளைந்து கொடுப்பதும் நடந்திருக்கிறது. கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுன்டியில் ஷெரீஃபாக இருந்தவர், தேர்தல் நன்கொடை கொடுத்தவர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் உரிமம் வழங்குவதில் சலுகை காட்டியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2022 நவம்பரில் ஜூரி அவருக்கு எதிராக முடிவு சொன்னது. தீர்ப்புக்குச் சில நாள் முன்பு அவர் பதவி விலகியிருந்தார்.

நியூயார்க்கின் புதிய சட்டத்திலும் இந்தக் கேள்வி தீரவில்லை. ‘நன்னடத்தை’ என்றால், தனக்கோ பிறருக்கோ ஆபத்து வராமல் ஆயுதத்தைக் கையாளும் குணமும் நிதானமும் என்று சட்டம் விளக்குகிறது. அதை அளக்க அளவுகோல் ஏது? பார்ப்பவர் மனதில் இருப்பதுதான். ஊருக்குப் புதிதாக வந்தவர், நிறத்தாலோ மொழியாலோ தனித்துத் தெரிபவர், தனக்காகப் பேச நான்கு பேர் இல்லாதவர் ஆகியோருக்கு இந்தக் கதவு எவ்வளவு திறக்கும் என்பது கேட்க வேண்டிய கேள்வி. பயிற்சிக் கட்டணமும், வேலையை விட்டுவிட்டு 18 மணி நேரம் ஒதுக்குவதும் எல்லோருக்கும் முடிகிற காரியமல்ல.

அதே சமயம், உரிம வாசலைக் கடுமையாக்கினால் எல்லாம் தடுக்கப்படும் என்றும் சொல்ல முடியாது. 2022 மே 14 அன்று நியூயார்க்கின் பஃபலோ நகர சூப்பர்மார்க்கெட்டில் பத்துக் கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றவர், காங்க்ளின் என்ற சிற்றூரைச் சேர்ந்த 18 வயது இளைஞர். முந்தைய ஆண்டு மனநலப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டவர். அவர் பயன்படுத்தியது கைத்துப்பாக்கி அல்ல, ரைபிள். அன்று அதை வாங்க உரிமம் தேவைப்படவில்லை. அந்த ஓட்டையை மாநிலம் அடைத்தது அதன் பிறகுதான்.

ஆளிலிருந்து இடத்துக்கு நகர்ந்த சண்டை

யாருக்குக் கொடுக்கலாம் என்பதில் மாநிலங்களின் கை கட்டப்பட்டதும், எங்கே கொண்டுபோகலாம் என்பதில் அவை இறங்கின. பள்ளி, மருத்துவமனை, நூலகம், பொதுப் போக்குவரத்து, மதுக்கடை, வாக்குச்சாவடி, போராட்டம் நடக்கும் இடம் என நீண்ட பட்டியலை நியூயார்க் ‘நுட்பமான இடங்கள்’ என்று அறிவித்தது. உரிமம் இருந்தாலும் அங்கே துப்பாக்கி கூடாது.

அதைவிடப் பெரிய விதி தனியார் இடங்களைப் பற்றியது. பொதுவாக, ‘துப்பாக்கி கூடாது’ என்று கடைக்காரர் பலகை வைக்காவிட்டால் உள்ளே கொண்டுபோகலாம். நியூயார்க் இதைத் தலைகீழாக்கியது. உரிமையாளர் ‘கொண்டு வரலாம்’ என்று சொன்னால்தான் அனுமதி. சிற்றூரில் பெட்ரோல் பங்க், மளிகைக் கடை, உணவகம் எல்லாமே தனியார் இடம்தான். அப்படியானால் கையில் உரிமம் இருந்தும் சாலையைத் தவிர வேறெங்கும் நுழைய முடியாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். பொதுமக்கள் வந்துபோகும் தனியார் இடங்களைப் பொறுத்தவரை நியூயார்க்கின் இந்த விதியை நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

ஹவாயும் இதே போன்ற விதியைப் போட்டது. ஆனால், அந்தப் பகுதிக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை அனுமதித்தது. இரண்டு நீதிமன்றங்கள் இரண்டு விதமாகச் சொன்னதால்தான் ஹவாய் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

எல்லா மாநிலமும் மற்றவற்றின் உரிமத்தை ஏற்க வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. 2025இல் திரும்ப வந்திருப்பது அதன் மறுபிறப்பு. அது சட்டமானால், எல்லையில் துப்பாக்கியைக் கழற்றி வைக்க வேண்டிய அவசியம் பவுனல்காரருக்கு இருக்காது. 18 மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்த பீட்டர்ஸ்பர்க்காரருக்குப் பக்கத்தில், ஒரு மணி நேரமும் உட்காராதவர் அதே உரிமையோடு நிற்பார்.

இதில் எது நிலைக்கும்?

வன்முறையில் இறங்கக்கூடியவர் என்று நீதிமன்றம் கண்டறிந்தவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கலாம் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் சொன்னது. குடும்ப வன்முறைத் தடையாணை பெற்ற ஒருவரைப் பற்றிய வழக்கு அது. ஆகவே, ஆளைப் பார்த்து மறுக்கும் அதிகாரம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால், ஆதாரத்தோடு மறுக்க வேண்டும். வெறும் அபிப்பிராயம் போதாது என்ற திசையில் தீர்ப்புகள் போகின்றன.

நியூயார்க்கின் நீதிபதிக்கு அது சங்கடமான இடம். ஊர் அறிந்த உண்மை எல்லாவற்றுக்கும் ஆவணம் இருக்காது. ஆவணம் இல்லாமல் மறுத்தால் மாண்ட்கோமரியில் நடந்தது நினைவுக்கு வரும். மறுக்காமல் விட்டு நாளை ஏதாவது நடந்தால், ‘தெரிஞ்சிருந்தும் ஏன் கையெழுத்து போட்டீங்க?’ என்று அதே ஊர் கேட்கும். மலைக்கு அந்தப் பக்கம், வெர்மான்டில், அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட ஆள் இல்லை. அங்கே யாரும் கையெழுத்தே போடுவதில்லை.